வானவில் பெயர் கொண்ட மலர்



தோட்டப்புறத்து லயத்து வீட்டு வாசலில் என்னென்ன செடிகள் நிற்கும் என்று கேட்டால் நம்மில் யாரும் தயங்காமல் சொல்லிவிடுவோம். கறிவேப்பிலை, முருங்கை, வேலியோரம் செம்பருத்தி, கோயில் பக்கம் அரளியும் நந்தியாவட்டையும், ஒரு மூலையில் மல்லிகை, முற்றத்தில் துளசி. இந்த வரிசையில் ஐரிஸ் என்ற பெயர் வராது. நாட்காட்டிப் படங்களில் அந்தப் பூவைப் பார்த்திருப்போம். வாளை நட்டு வைத்தது போன்ற இலைகள். நீலமும் ஊதாவுமாக மூன்று இதழ் மேல்நோக்கி நிற்க, மூன்று இதழ் கீழே மடிந்து தொங்கும் பூ. ‘இது குளிர் தேசத்துப் பூ, நம் மண்ணுக்கு வராது’ என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

அப்படிச் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில் ஒரு வரலாறு இருக்கிறது. ஐரிஸ் இனத்தில் வெப்ப நாட்டிலும் வளரும் செடி ஒன்று உண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது ஓர் ஐரோப்பிய நூலில் இடம் பெற்றது. அந்த நூல் உருவாக வாய் திறந்து சொன்னவர், பனையும் தென்னையும் ஏறிப் பிழைத்த சமுதாயத்தில் பிறந்த ஒரு நாட்டு வைத்தியர். அந்தச் செடியின் கதையையும், அதை நம் ஜொகூர் மண்ணில் வளர்க்கும் வழியையும் இன்று பார்ப்போம்.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். ஐரிஸ் என்பது கிரேக்கச் சொல். பழைய கிரேக்கர்கள் வானவில்லுக்குரிய தெய்வத்தை ஐரிஸ் என்று அழைத்தார்கள். இந்த மலர்க் கூட்டத்தில் நீலம், ஊதா, மஞ்சள், வெள்ளை, செம்மண் நிறம் என்று பல வண்ணங்கள் இருப்பதால் வானவில்லின் பெயரே மலருக்கும் வந்தது. நம் கண்ணின் நடுவில் பாவையைச் சுற்றி நிறத்தோடு இருக்கும் வளையத்துக்கும் மருத்துவர்கள் ஐரிஸ் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகவே நேயர்களே, ஐரிஸ் இல்லாத வீடு கிடையாது. ஆளுக்கு இரண்டு உண்டு.

இம்மலரை மனிதர் போற்றத் தொடங்கி மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட மூன்றாம் துட்மோஸ் என்ற மன்னன் சிரியா நாட்டுப் பக்கம் படையெடுத்துச் சென்றான். அங்கே கண்ட புதுச் செடிகளைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்ததாகக் கர்னாக் கோயில் சுவரில் உருவம் செதுக்கி வைத்தான். அந்தச் சுவரில் ஐரிஸ் செடியும் இருக்கிறது. பொன்னையும் அடிமைகளையும் கொள்ளை கொண்ட காலத்தில் செடியையும் செல்வமாக மதித்தான் அந்த மன்னன்.

இந்தியாவில் ஐரிஸ் செழித்து வளரும் இடம் காஷ்மீரம். அங்கே இடுகாடுகளில், இறந்தவரின் மண்மேட்டின்மேல் ஐரிஸ் நடும் வழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது. வேனில் தொடங்கும்போது அந்த மேடுகளெல்லாம் வெள்ளையும் நீலமுமாகப் பூத்து நிற்கும். இச்செடியின் கிழங்கு இஞ்சியும் மஞ்சளும் போலப் படுத்து வளர்ந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மழையிலும் பனியிலும் மேடு கரைந்து போவதில்லை.

அதே காஷ்மீரத்தில் பாம்பூர் என்ற ஊர்ப்பக்கம் விளையும் குங்குமப்பூவை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பாலில் போட்டுக் கொடுப்பது நம் வழக்கம். அந்தக் குங்குமப்பூவும் ஐரிஸ் குடும்பத்துச் செடிதான். ஐப்பசி மாதத்தையொட்டிச் சில வாரங்கள் மட்டுமே பூக்கும். ஒரு பூவில் மூன்றே மூன்று சிவப்பு நூல்கள்தான் கிடைக்கும். உலர்ந்த குங்குமப்பூ ஒரு கிலோ சேர ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூக்களைக் கையால் பறிக்க வேண்டும். அதையும் வெயில் ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும். இருட்டோடு எழுந்து, விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன நம் மக்களுக்கு அந்தக் கைகளின் அவசரம் நன்றாகப் புரியும். அங்கே வெயில் ஏறினால் பூ வாடும். இங்கே வெயில் ஏறினால் பால் குறையும்.

நமக்குப் பழக்கமான இன்னொரு பொருளுக்கும் ஐரிஸுக்கும் பெயரளவில் ஓர் உறவு உண்டு. அதுதான் வசம்பு. பிள்ளை வளர்ப்பான் என்றும், பேர் சொல்லா மருந்து என்றும் நம் பாட்டிமார் அழைத்த அதே வசம்பு. மலாய்க்காரர்கள் அதனை ஜெராங்காவ் என்பார்கள். வசம்பு இலையும் ஐரிஸ் இலையும் பார்வைக்கு ஒன்றுபோல வாள் வடிவில் இருக்கும். பூவைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். ஐரோப்பாவில் நீரோரம் வளரும் மஞ்சள் ஐரிஸ் ஒன்றுக்கு அறிஞர்கள் வைத்த லத்தீன் பெயருக்கே ‘பொய் வசம்பு’ என்பதுதான் பொருள். வெறும் இலையை மட்டும் பார்த்து இது இன்ன செடி என்று தீர்மானித்துவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம். வசம்பைக் குழந்தைக்கு உள்ளே கொடுக்க வேண்டாம் என்று இன்றைய மருத்துவர்கள் எச்சரிப்பதையும் இந்த இடத்தில் தாய்மார்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நாட்காட்டியில் காணும் அந்த நீல ஐரிஸ் ஜொகூரில் ஏன் பூப்பதில்லை? ஜொகூர் பாரு, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். வெயிலும் மழையும் மாறி மாறி வருமே தவிர, குளிர்காலம் என்ற ஒன்று கிடையாது. அந்த ஐரிஸுக்கோ குளிர்காலம்தான் உறக்கம். சில மாதம் கடுங்குளிரில் கிழங்கு உறங்கி எழுந்தால்தான் அடுத்த பருவத்தில் மொட்டு வைக்கும். உறக்கமே இல்லாத ஊரில் அது இலை விட்டு விட்டுக் களைத்துப் போகும். அதோடு, பாதிக் கிழங்கு மண்ணுக்கு மேலே வெயில் காய்ந்துகொண்டு கிடப்பது அதன் இயல்பு. நம் ஊர் அடைமழையில் அது அழுகிவிடும். ஆகவே வெளிநாட்டுக் கிழங்கைக் காசு கொடுத்து வாங்கி நட்டுவிட்டு, கை ராசி இல்லை என்று யாரும் வருந்த வேண்டாம். குற்றம் கையிலும் இல்லை, மண்ணிலும் இல்லை. செடி பிறந்த ஊர் வேறு.

ஆனால் அதே இனத்தில் வெப்பத்துக்கு அஞ்சாத செடி ஒன்று இருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னேன். இமயமலைச் சாரல் முதல் சீனம், ஜப்பான் வரை அது இயற்கையாக வளர்கிறது. தென்னிந்தியாவிலும் நம் மலாய்த் தீவுகளிலும் வீட்டுத் தோட்டச் செடியாகப் பரவியிருக்கிறது. விசிறியை விரித்தது போல இலைகள் ஒரே தளத்தில் அடுக்கி நிற்கும். இடுப்பளவு உயரும் தண்டின் உச்சியில் செம்மஞ்சள் நிறப் பூக்கள் வரும். ஆறு இதழ்களிலும் சிவப்புப் புள்ளி தெளித்திருக்கும். சிறுத்தையின் உடல் போலப் புள்ளி இருப்பதால் ஆங்கிலத்தில் அதற்குச் சிறுத்தைப் பூ என்று ஒரு பெயர் உண்டு. இந்த உரையிலும் அப்படியே அழைப்போம். காலையில் மலரும் பூ மாலைக்குள் துணியைப் பிழிந்தது போல முறுக்கிக்கொண்டு வாடிவிடும். மறுநாள் அடுத்த மொட்டு விரியும். கடைசியில் காய் முற்றி வெடிக்கும்போது, உள்ளே பளபளவென்று கறுப்பு விதைகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்தச் செடி நூலேறிய கதைதான் இன்றைய உரையின் நடுப்பகுதி. 1670களில் கொச்சியை டச்சுக் கம்பெனி தன் பிடியில் வைத்திருந்தது. அங்கே தலைமை அதிகாரியாக இருந்தவர் ஹென்றிக் வான் ரீட். மிளகு வாங்க வந்த கம்பெனி அது. வான் ரீடோ, மலையாளக் கரையில் காடும் தோட்டமும் செழித்துக் கிடப்பதைக் கண்டு வியந்தார். இந்நாட்டு மருந்துச் செடிகளை முறையாகப் படம் வரைந்து, பெயரும் பயனும் எழுதி நூலாக்க வேண்டும் என்று முனைந்தார். நூலாக்க முடிவு செய்தாயிற்று; செடியை அறிந்தவர் யார்? டச்சுக்காரர்களுக்குத் தெரியாது. ஆகவே உள்ளூர் அறிஞர்களை நாடினார்.

அவ்வாறு வந்தவர்களுள் முதன்மையானவர் இட்டி அச்சுதன். சேர்த்தலைக்கு அருகில் கடக்கரப்பள்ளி என்ற ஊரில் கொல்லாட்டு வீட்டைச் சேர்ந்த ஈழவ வைத்தியர். மரமேறிக் கள் இறக்குவது அந்தச் சமுதாயத்தில் பலருக்குப் பிழைப்பு. அக்காலத்துச் சாதிக் கட்டுப்பாட்டில் கோயில் தெருவில் நடக்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. ஆனால் வைத்தியமும் மூலிகை அறிவும் அவர்களிடையே தலைமுறை தலைமுறையாக இருந்தன. இட்டி அச்சுதனின் வீட்டில் முன்னோர் எழுதி வைத்த ஓலைச்சுவடி இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு செடிக்கும் பெயரும் குணமும் சொன்னார். ரங்கபட்டர், விநாயகப் பண்டிதர், அப்புபட்டர் என்ற மூன்று கொங்கணிப் பிராமண வைத்தியர்களும் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். மலையாளத்தில் சொன்னது போர்த்துகீசிய மொழிக்கு மாறி, அதிலிருந்து டச்சுக்குப் போய், இறுதியில் லத்தீனில் நின்றது.

நூலின் பெயர் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கூஸ்’. மலபார்த் தோட்டம் என்று பொருள். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. 742 செடிகளைப் பற்றி அதில் இருக்கிறது. முழு நூலையும் அச்சில் காண வான் ரீட் உயிரோடு இல்லை. 1691இல் கடற்பயணத்தில் காலமானார். பின்னால் வந்த தொகுதிகளுள் ஒன்றில்தான் நம் சிறுத்தைப் பூ இருக்கிறது. மலையாள நாட்டார் சொன்ன பெயரை அப்படியே லத்தீன் எழுத்தில் ‘பெலம்கண்ட சூலர்மணி’ என்ற ஒலியில் பதித்திருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் தொகுதியின் முன்பகுதியிலேயே இட்டி அச்சுதன் எழுதிக் கொடுத்த சான்று அச்சாகியிருக்கிறது. தன் பெயர், தன் ஊர், தன் வீடு, இந்தச் செய்திகளைச் சொன்னவன் நானே என்ற உறுதிமொழி, எல்லாம் அதில் உண்டு. 1675இல் எழுதியது. எழுதிய எழுத்தோ கோலெழுத்து. நம் பழந்தமிழ்க் கல்வெட்டுகளில் காணும் வட்டெழுத்திலிருந்து கிளைத்த எழுத்து அது. அந்தச் சான்று அச்சேறாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வான் ரீடின் பெயர் மட்டும் நின்றிருக்கும். செடியைச் சொன்னவர் ‘உள்ளூர் ஆள்’ என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்து போயிருப்பார். அவர் கையில் வைத்துப் படித்த ஓலைச்சுவடி இன்று கிடைக்கவில்லை. அவர் சொன்னது மட்டும் புத்தகத்தில் உயிரோடு இருக்கிறது.

பிற்காலத்தில் உலகச் செடிகளுக்கெல்லாம் லத்தீன் பெயர் சூட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், இந்த மலபார் நூலைப் பெரிதும் பயன்படுத்திக்கொண்டார். ஆனால் சிறுத்தைப் பூ விஷயத்தில் அவரே தடுமாறினார். 1753இல் வெளியிட்ட நூலில் இந்த ஒரே செடிக்கு இரண்டு இடங்களில் இரண்டு பெயர் வைத்துவிட்டார். ஓரிடத்தில் அதனை ஆர்க்கிட் வகையோடு சேர்த்துவிட்டார். 1763இல் அதான்சன் என்ற பிரெஞ்சு அறிஞர், மலையாளப் பெயரையே எடுத்து ‘பெலம்கண்டா’ என்று இதற்குத் தனி இனப் பெயர் தந்தார். ஈழவ வைத்தியர்களும் கொச்சிச் சந்தையில் செடி விற்றவர்களும் பேசிய சொல், இப்படி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகத் தாவர நூல்களில் நின்றது.

அண்மைக் காலத்தில் செடியின் உயிரணுக்களுக்குள் இருக்கும் மரபுப் பொருளை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை வந்தது. அப்படிப் பார்த்தபோது இது தனி இனம் இல்லை, ஐரிஸ் இனத்துக்குள்ளேயே அடங்கும் செடி என்று தெரிந்தது. 2005இல் இதற்கு ‘ஐரிஸ் டொமெஸ்டிக்கா’ என்று பெயரை மாற்றினார்கள். வீட்டு ஐரிஸ் என்று பொருள் கொள்ளலாம். ஆக, நம் வெப்ப நாட்டுச் செடி ஐரிஸ் குடும்பத்தின் தூரத்து உறவு இல்லை, உடன்பிறப்பே என்பது உறுதியாயிற்று. மலபார் நூலையும் மக்கள் மறக்கவில்லை. கேரளத்துத் தாவர அறிஞர் கே. எஸ். மணிலால் பல்லாண்டுகள் உழைத்து அதனை மொழிபெயர்த்தார். ஆங்கிலத்தில் 2003இலும் மலையாளத்தில் 2008இலும் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. மலையாளத்தில் சொன்னது மலையாளத்துக்குத் திரும்பி வர முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சீனர்களும் இச்செடியை நெடுங்காலமாக அறிவார்கள். இதன் கிழங்கைக் காயவைத்துத் தொண்டை வலிக்கும் சளி இருமலுக்கும் மருந்தாகப் பயன்படுத்துவது அவர்கள் மரபு. சீன மருந்துக் கடைகளில் இன்றும் அது ஒரு சரக்கு. ஆனால் நேயர்களே, பக்குவம் தெரியாமல் நாமாகக் கிழங்கைப் பிடுங்கி அவித்துக் குடிக்கக் கூடாது. ஐரிஸ் கிழங்குகள் வயிற்றைப் புரட்டி வாந்தியும் பேதியும் உண்டாக்கக் கூடியவை. ஆடு மாடுகளுக்கும் ஆகாது. கறுப்பு விதைக் கொத்தைப் பழம் என்று நினைத்துக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி வளர்க்கும் முறையைப் பார்ப்போம். முதல் தேவை வெயில். அரை நாளாவது நேர்வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். இரண்டாவது தேவை, தண்ணீர் தேங்காத மண். மெர்சிங், கோத்தா திங்கி பக்கம் ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை எப்படிக் கொட்டும் என்பது தெரிந்ததே. ஆகவே தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டி நட வேண்டும். களிமண்ணாக இருந்தால் மணலும் மக்கிய சாணமும் கலந்து இளக்கிக்கொள்ளலாம். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் அடியில் நல்ல துளையுள்ள தொட்டியில் வைக்கலாம்.

விதையாலும் வளர்க்கலாம், கிழங்கைப் பிரித்தும் நடலாம். விதையை அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, மண் காயாமல் பார்த்துக்கொண்டால் சில வாரங்களில் முளை வரும். பூவைப் பார்க்க அடுத்த ஆண்டு வரையிலாவது பொறுத்திருக்க வேண்டும். கிழங்கு நட்டால் விரைவில் பூக்கும். கிழங்கை ஆழப் புதைத்துவிடக் கூடாது. இஞ்சி நடுவது போல, மேலே ஓர் அங்குலம் மண் மூடினால் போதும். செடிக்குச் செடி ஓரடி இடைவெளி விடுங்கள். செம்பனைக்குப் போடும் உரத்தைக் கைநிறைய அள்ளிப் போடுவது வேண்டாம். அளவு மீறினால் இலை கொழுத்துக் கிழங்கு அழுகும். மாதம் ஒருமுறை மக்கிய எரு ஒரு பிடி போதும்.

பழுத்த இலைகளையும் பூத்து முடிந்த தண்டுகளையும் அவ்வப்போது நறுக்கிவிடுங்கள். தண்டு காற்றுமழையில் சாய்ந்தால் ஒரு மூங்கில் குச்சியை ஊன்றிக் கட்டலாம். கிழங்கு மெத்தென்று ஆகி நாற்றம் வந்தால் அழுகல் பிடித்துவிட்டது என்று பொருள். அழுகிய பாகத்தை வெட்டி எறிந்து, நல்ல துண்டைப் புது இடத்தில் நட வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதரைத் தோண்டிப் பிரித்து, பாதியை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுங்கள். செடிக்கும் நல்லது, உறவுக்கும் நல்லது.

வெயில் குறைந்த வாசல் உள்ளவர்களுக்கு ஐரிஸ் குடும்பத்தில் வேறொரு செடி இருக்கிறது. நடக்கும் ஐரிஸ் என்பார்கள். மத்திய, தென் அமெரிக்கா அதன் பிறப்பிடம். நம் நாட்டுப் பூங்காக்களில் மஞ்சள் பூவோடு வரிசையாக நட்டிருப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். பூத்து முடிந்த தண்டின் நுனியில் குட்டிச் செடி ஒன்று முளைக்கும். அதன் பாரத்தால் தண்டு வளைந்து தரையைத் தொடும். தொட்ட இடத்தில் வேர் பிடிக்கும். இப்படி அடி மேல் அடி வைத்து நகர்வதால்தான் அந்தப் பெயர்.

தென் அமெரிக்கா என்றதும் நமக்கு இன்னொரு செடி நினைவுக்கு வராமல் போகாது. 1876இல் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகள் லண்டனுக்குப் போயின. அங்கே முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவுக்கு வந்தன. 1888இல் அப்பூங்காவின் தலைவராகப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அதற்கு முன் மிளகும் காம்பீரும் விளைந்த ஜொகூரில், ரப்பர் பரவத் தொடங்கியது. 1909இல் ரயில்பாதை ஜொகூர் பாரு வரை முடிந்ததும் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் என்று பாதையோரமெல்லாம் தோட்டங்கள் பெருகின. அந்த மரத்தின் பின்னால் வந்தவர்கள்தான் நம் மக்கள். கங்காணியோடும், ரஜூலா போன்ற கப்பல்களிலும் வந்தார்கள். உதவிப்பணத்தோடு கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தும் வரை அந்த வருகை நீடித்தது.

ரப்பர் கன்று எத்தனை, எந்த ஆண்டில் வந்தது, யார் கொண்டுவந்தார் என்பதெல்லாம் எண்ணோடும் பெயரோடும் ஏட்டில் இருக்கிறது. ஆனால் தோட்டத்துக்கு முதல் கறிவேப்பிலைக் கன்றை யார் கொண்டுவந்தார்? எந்தப் பாட்டி மருதாணிக் குச்சியை ஊன்றி லயம் முழுவதற்கும் கொடுத்தார்? 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி இல்லாமல் தவித்தபோது, ஆண்களைச் சயாம் மரண ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனபோது, வீட்டைச் சுற்றி மரவள்ளியும் வள்ளிக்கிழங்கும் நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றிய பெண்கள் யார் யார்? அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இட்டி அச்சுதனுக்குக் கிடைத்த ஒரு பக்கம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

செடியோடு சொல்லும் சேர்ந்து போய்விடுகிறது என்பதை மறக்கக் கூடாது. நாம் செம்பருத்தி என்பதை மலாய்க்காரர்கள் பூங்கா ராயா என்பார்கள். மலர்களைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் மல்லிகை, தாமரை, ரோஜா, செண்பகம், மகிழம்பூ ஆகியவையும் இருந்தன. இறுதியில் 1960இல் செம்பருத்தியே நாட்டின் தேசிய மலராயிற்று. நம் பாட்டி வேலியில் ஊன்றிய குச்சிக்கும் நாட்டின் சின்னத்துக்கும் உள்ள இந்த உறவு, இரு மொழிப் பெயரும் தெரிந்த பிள்ளைக்குத்தான் விளங்கும்.

ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. பல துண்டுபோட்டு விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரு தொட்டிச் செடியும் வண்டியில் ஏறியிருக்கும். அந்தச் செடியை யார் நட்டார், எதற்கு வைத்தார், எப்படிப் பேண வேண்டும் என்ற சேதி ஏறியதா? பெரும்பாலும் அது பெரியவர்களின் வாயிலேயே தங்கிவிடுகிறது. அவர்கள் போகும்போது அதுவும் போய்விடுகிறது.

ஆகவே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பெரிய நூல் எழுத வேண்டியதில்லை. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். வீட்டிலும் கோயிலடியிலும் இருக்கும் செடிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு செடி. தமிழில் என்ன பெயர், மலாயில் என்ன பெயர், எங்கிருந்து வந்தது, யார் நட்டது, எதற்குப் பயன்படுத்தினார்கள், எப்படி வளர்ப்பது என்று தாத்தா பாட்டியைக் கேட்டு எழுதுங்கள். இலையை அழுத்திக் காயவைத்து ஒட்டுங்கள். கடைசியில் சொன்னவரின் பெயரையும் ஊரையும் தேதியையும் எழுத மறவாதீர்கள். எழுதத் தெரிந்தவராக இருந்தால் அவரையே கையெழுத்திடச் சொல்லுங்கள். எழுத்தறியாதவராக இருந்தால் பெருவிரல் ரேகை வையுங்கள். சொன்னவர் யார் என்று தெரிந்தால்தான் சொல்லுக்கு மதிப்பு.

சிறுத்தைப் பூவும் கிடைத்தால் நடுங்கள். ஒரு பூ ஒரே நாள்தான் நிற்கும். ஆனால் கிழங்கு மண்ணுக்குள் இருந்துகொண்டு அடுத்த மொட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும்.